மதகு சார்

தாழைமங்கலம் நகராட்சி ஆணையர் ஏகாம்பரம் முதன்முதலாக இரண்டு பேரானபோது அலுவலகத்தில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் யாரும் எழுந்து நிற்கவில்லை. பெண்கள் பள்ளியின் இடிந்த மதில்சுவரைக் கட்டுவது பற்றிய கோப்பு அவர் மேசைக்குப் போயிருந்தது. எல்லாக் கோப்பிலும் எழுதுகிற மாதிரியே அதிலும் ஓரத்தில் பச்சை மையால் 'பேசவும்' என்று எழுதி அவர் பேனாவை மூடிய நேரத்தில், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து இன்னொரு ஏகாம்பரம் எழுந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்து, டீ குடிப்பவர்களைப் பார்த்து வழக்கம்போலத் தலையசைத்துவிட்டு, படியிறங்கி, வெயிலில் நடந்து பள்ளிக்கூடத்துப் பக்கம் போய்விட்டார். ஆணையர் வெளியே கிளம்பிவிட்டார் என்று ஃபேனை அணைக்கப் போன மேலாளர் தட்சிணாமூர்த்தி, உள்ளே ஆணையர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஃபேனை அணைக்காமல் திரும்பி வந்து மிச்ச டீயைக் குடித்தார். ஜன்னலோரம் நின்றிருந்த உதவிப் பொறியாளர் தவமணிக்கு ஒரே நேரத்தில் இருவரும் தெரிந்தார்கள், உள்ளே ஒருவர், தெருவில் ஒருவர். நகராட்சியில் பல வருஷம் வேலை பார்த்தவள் அவள். இதைவிடப் பெரிய அதிசயங்களெல்லாம் அங்கே முறையான உத்தரவோடு நடந்திருக்கின்றன.

'பேசவும்' என்றால் பேச வேண்டும் என்று அர்த்தமில்லை; அது ஒரு கோப்பை வலிக்காமல் தூங்கவைக்கிற சொல். கோப்பு கீழே இறங்கும், சம்பந்தப்பட்டவர் போய்ப் பேசுவார், ஆணையருக்குப் புதிதாக ஒரு சந்தேகம் வரும், கோப்பு மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். ஏகாம்பரம் கெட்டவர் இல்லை. சொல்லப்போனால் அந்தக் கட்டடத்தில் அவரைப் போல நல்ல மனுஷர் இன்னொருவர் கிடையாது. துப்புரவுப் பணியாளர் வீட்டுக் கல்யாணத்துக்கும் குடும்பத்தோடு போய், கடைசிப் பந்திவரை நின்று பரிமாறிவிட்டு வருவார். யார் இருமினாலும் சட்டைப் பையிலிருந்து இருமல் மிட்டாய் எடுத்துக் கொடுப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கேயோ ஒரு தண்ணீர்த் தொட்டிக்குத் துணிந்து கையெழுத்துப் போட்டு, விளக்கம் கேட்டு வந்த குறிப்பாணைகளுக்குப் பதில் எழுதி எழுதியே அவர் தலைமுடி உதிர்ந்துபோனது என்பார்கள். அன்றிலிருந்து ஒரு முடிவு எதிரே வந்து நின்றால் அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

பள்ளிக்குப் போன ஏகாம்பரம் திரும்பி வரவில்லை. சுவர் இடிந்து கிடந்த இடத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார், மாடு வந்தால் விரட்டினார், மதில் இல்லாத பள்ளி என்று பைக்கில் வட்டமடித்த பையன்களின் அப்பா பெயரைச் சொல்லி விசாரித்தார்; ஒரு வாரத்தில் அந்தப் பக்கம் பைக் சத்தமே இல்லை. அதன்பிறகு ஆணையர் 'பேசவும்' என்று எழுதிய ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஏகாம்பரம் எழுந்து போனார். நிழற்குடை கட்டாத பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பாலம் கட்டாத ஓடையில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிள்ளைகளைத் தோளில் ஏற்றி அக்கரை சேர்த்தார். தெருவிளக்கு எரியாத சந்தில் ஒருவர் டார்ச்சோடு வந்து, டியூஷன் முடித்து வரும் பெண்களை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டார். எந்த விஷயத்தில் முடிவெடுக்கவில்லையோ அந்த விஷயத்தை விட்டு நகரத் தெரியாதவர்களாக, வேறு எந்தக் கவலையும் இல்லாதவர்களாக, ஊர் முழுக்க ஏகாம்பரங்கள் நின்றார்கள்.

ஊர் இதை நன்றாகவே ஏற்றுக்கொண்டது. சுவர் சார், குடை சார், ஓடை சார் என்று அவர்களுக்குப் பெயர் விழுந்தது. வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள், பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள், குடை சாருக்குக் கால் வலிக்குமே என்று ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். ஆணையரின் மனைவி கனகவல்லி முதலில் கொஞ்சம் கோபப்பட்டாள். வீட்டுக்கு வருகிறவர் பழைய ஒருவர்தான் என்று தெரிந்த பிறகு சமாதானமாகி, அவருடைய பிறந்தநாளன்று ஆட்டோ வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி எல்லோருக்கும் பாயசம் கொடுத்துவிட்டு வந்தாள். தட்சிணாமூர்த்திக்குத்தான் தூக்கம் போயிற்று. இத்தனை ஆணையர்களுக்கும் வருகைப் பதிவு எப்படி வைப்பது, ஒருவருக்கு லீவு கொடுத்தால் எல்லோருக்கும் லீவா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் எல்லோரையும் 'வெளிப்பணி' என்று காட்டி நிம்மதியானார். மண்டல அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்தது. கூடவே, மற்ற ஊர் ஆணையர்களையும் இப்படிப் பெருக்குவதற்கு என்ன உபகரணம் தேவைப்படும் என்று தவமணியிடம் தொழில்நுட்ப அறிக்கை கேட்டிருந்தார்கள். பச்சை மை என்று எழுதி அனுப்பினாள்.

ஒரே ஒரு தடவை ஆணையர் தவறிப்போய்க் கையெழுத்துப் போட்டார். பெரிய அதிகாரிகள் பார்வையிட வந்து எதிரிலேயே உட்கார்ந்துவிட்டதால், ஓடைப் பாலத்துக்கான கோப்பில் 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதினார். அந்த நிமிஷம் ஓடையின் நடுவில் ஒரு சிறுமியைத் தோளில் வைத்திருந்த ஓடை சார், கரையேறி, அவளை இறக்கிவிட்டு, முறுக்கிக்கொண்டிருந்த அவள் பைநாடாவை நேராக்கிவிட்டு, இல்லாமல் போனார். பாலம் வேலை தொடங்கியது. மறுநாள் அந்தத் தெருவே திரண்டு அலுவலகத்துக்கு வந்தது, நன்றி சொல்ல அல்ல.

"பாலம் எங்களுக்கு வேணாங்க. சாரைத் திருப்பிக் குடுங்க" என்றார்கள்.

ஏகாம்பரம் அவர்களோடு சேர்ந்து கண் கலங்கினார். அதற்குப் பிறகு ஊரில் எந்தத் தெருக்காரரும் எதற்கும் அனுமதி கேட்கவில்லை. தங்கள் கோப்பில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் என்றுதான் கேட்டார்கள். முடிவெடுக்காமலிருப்பதையே மக்கள் மனு கொடுத்துக் கேட்கும் பாக்கியம் எந்த ஆணையருக்குக் கிடைக்கும்? அலுவலகத்தில் எல்லோர் முகத்திலும் ஒரு களை வந்துவிட்டது. தவமணி முகத்தில் மட்டும் வரவில்லை, அவள் பொறுப்பில் ஓர் ஏரி இருந்தது.

ஏரி ஊருக்கு மேற்கே இருந்தது. அதன் கரைக்குக் கீழே, கரையையே கொல்லைப்புறமாக வைத்து ஒரு தெரு. மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் மதகைத் திறந்து தண்ணீரை வாய்க்காலில் விட்டுவிடுவார்கள். அது ஊரைச் சுற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடும். முந்தைய கோடையில், தாழைமங்கலத்தில் வழக்கு இல்லாத காலி இடம் ஒன்றுகூட இல்லை என்று தேடி அலைந்த மண்டல அலுவலகம், வறண்டு கிடந்த அந்த வாய்க்காலைக் கண்டுபிடித்து, அதற்கு நடுவிலேயே ஒரு பூங்கா கட்டியது. வரைபடம் ஏதோ கடற்கரை ஊருக்குப் போட்டது. மாற்ற நேரமில்லை என்று அப்படியே கட்டிவிட்டதால், கடலையே பார்த்திராத தாழைமங்கலத்துக்கு ஒரு கலங்கரை விளக்கம் கிடைத்தது. "சார், இது வாய்க்கால்" என்று தவமணி ஒவ்வொரு கூட்டத்திலும் சொன்னாள். ஒவ்வொரு கூட்டத்திலும் அது குறித்துக்கொள்ளப்பட்டது. திறப்பு விழாவில் அவளுக்கும் ஒரு சால்வை போட்டார்கள்.

மழைக்கு முன்னால் அவள் ஒரு கோப்பு எழுதி, தானே எடுத்துக்கொண்டு ஆணையர் முன்னால் போய் நின்றாள்.

"சார், ஏரி நிரம்பினா மதகைத் திறந்தாகணும். திறந்தா பூங்கா போயிடும். திறக்கலேன்னா கரை உடையும், தெரு போயிடும். எது போகலாம்னு நீங்கதான் சொல்லணும். சொல்லிட்டீங்கன்னா மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஏகாம்பரம் இரண்டு முறை படித்தார். உள்ளங்கையைக் கைக்குட்டையில் துடைத்தார். "தொண்டை கட்டியிருக்கே மேடம்" என்று ஒரு இருமல் மிட்டாயை நகர்த்தி வைத்தார். பிறகு பேனாவைத் திறந்து 'பேசவும்' என்று எழுதினார். நாற்காலியிலிருந்து எழுந்த புது ஏகாம்பரம், கதவைத் திறந்து அவளுக்காகப் பிடித்துக்கொண்டு, "வாங்க மேடம், போகலாம்" என்றார். தவமணி அவரை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் டீக்கடையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மதகு சார் என்று அவருக்குப் பெயர் வைத்தது நூர்ஜகான். தெருவின் முதல் வீட்டில் இட்லி சுட்டு விற்கிறவள். காலையில் முதல் ஈடு அவருக்குத்தான் போகும். அவர் மதகின் மேல்மேடையில், திறப்புச் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். தவமணி தினமும் வேலை முடிந்து அங்கே போனாள். போகப் போக, போகாமல் இருக்க முடியவில்லை. இத்தனை வருஷ வேலையில் எந்த மேலதிகாரியும் கேட்காத கேள்விகளை அவர் கேட்டார். கரையில் எந்த இடத்தில் மண் பலவீனம், எலிவளை எங்கே, தண்ணீர் எவ்வளவு உயர்ந்தால் எவ்வளவு நேரம் தாங்கும், சக்கரம் ஏன் பாதியில் இறுகுகிறது என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். அளவுக் கோலைப் பிடித்துக்கொண்டு கரை முழுக்கக் கூடவே நடந்தார். இரண்டு பேரும் சேர்ந்து சக்கரத்தின் திருகுத்தண்டுக்கு கிரீஸ் போட்டார்கள். அவர் மூக்கில் கிரீஸ் ஒட்டிக்கொண்டதைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அலுவலகத்தில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்றைய கூட்டத்தில் நடந்த கூத்தையெல்லாம் அவரிடம் ஒப்பிப்பாள். "நான் அப்படியா சொன்னேன்?" என்று கேட்டு அவரும் வெட்கத்தோடு சிரிப்பார்.

மதகைத் திறப்பது பற்றி மட்டும் கேட்டால் தண்ணீரைப் பார்ப்பார். "நாளைக்குச் சொல்றேன் மேடம்."

ஒரு நாள் தானாகவே சொன்னார். "சொல்லிட்டா நான் போயிடுவேன், தெரியும்ல?"

"தெரியும் சார்."

அதற்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். வானம் காய்ந்திருந்தது, ஏரியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது, இன்னும் நாள் இருக்கிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆணையருக்கு 'பேசவும்' எப்படி எழுத வருகிறது என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

ஐப்பசியில் மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை. தண்ணீர் படிப்படியாக ஏறி, ஒரு நாள் விடிந்தபோது கரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. எலிவளை இருந்த இடத்தில், தெருவைப் பார்த்த பக்கம், கரை கசிந்து சேற்றுநீர் வடியத் தொடங்கியிருந்தது. தவமணி மழைக்கோட்டோடு மேடையில் ஏறி அலுவலகத்துக்கு ஃபோன் போட்டாள். அவசரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கலங்கரை விளக்கம் நனையாமல் தார்ப்பாய் போட்டு மூடுவதென்று அதுவரை தீர்மானமாகியிருந்தது. தார்ப்பாய் நீலமா பச்சையா என்பதில் கூட்டம் நின்றது.

"சார், கரை கசியுது. ரெண்டு மணி நேரம் தாங்கறது கஷ்டம். திறக்கட்டுமா?"

அந்தப் பக்கம் ஏகாம்பரத்தின் மூச்சுச் சத்தம் கேட்டது. கஷ்டப்படுகிற மூச்சு. "மேடம்... நீங்க கொஞ்சம் நேர்ல வாங்களேன். பேசிடலாம்."

அவள் ஃபோனைப் பைக்குள் போட்டாள். தெருவில் பெண்கள் பாத்திரங்களையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். வீடுகளைத் தூக்கிக்கொண்டு ஏற வழியில்லை. நூர்ஜகான் இட்லிக் கொப்பரையைத் தலையில் வைத்துக்கொண்டு மேடைக்குக் கீழே வந்து நின்றாள். மதகு சாரைப் பார்த்தாள், தவமணியைப் பார்த்தாள்.

"அவரு போனாப் போவட்டும்னு சொல்ல எனக்கு வாய் வரல மேடம்" என்றாள். "ஆனா வூடு இது ஒண்ணுதான்."

தவமணி சக்கரத்தைப் பிடித்தாள். உத்தரவில்லாமல் திறந்தால் அவள் வேலை போகும். போனால் போகட்டும் என்று சொல்லிவிடக்கூடிய குடும்பம் இல்லை அவளுடையது. ஆனாலும் அவர் வாயால் சொல்லாமல் தானே திறந்துவிட்டால், முடிவு அவளுடையதாகிவிடும், மதகு சார் அப்படியே இருப்பார், நாளைக்கும் இட்லி சாப்பிடுவார், கேள்வி கேட்பார் என்று அந்த மழையில் அவசர அவசரமாகக் கணக்குப் போட்டிருந்தாள். அவர் எழுந்து வந்து சக்கரத்தின் மேல் அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். எடுத்து, நனைந்த சட்டையில் உள்ளங்கையைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"இருங்க மேடம். நீங்களா திறந்தா எல்லாரும் சேந்து உங்களைத்தான் பிடிப்பாங்க. நான்தானே சொல்லணும்."

"வேணாம் சார். சும்மா இருங்க."

"திறங்க" என்றார்.

மழைச் சத்தத்தில் காதில் விழாதவள் மாதிரி அவள் நின்றாள். இன்னும் ஒரு நிமிஷம் அவர் பக்கத்தில் நிற்கட்டும் என்று நின்றாள். அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும்; அந்த நிமிஷத்தை அவளுக்குக் கொடுத்தார். ஏரியை ஒருமுறை, தெருவை ஒருமுறை பார்த்தார். கீழே நின்ற நூர்ஜகானைப் பார்த்து, வழக்கம்போலத் தலையசைத்தார். பிறகு, அந்த அலுவலகத்தில் யாரும் ஒருநாளும் கேட்டிராத குரலில், தொண்டை கிழியக் கத்தினார்.

"மதகைத் திறங்க மேடம்!"

அவள் சக்கரத்தைத் திருப்பினாள். முதல் சுற்றுக்கு அவர் கையும் கூட இருந்தது. இரண்டாவது சுற்றுக்கு இல்லை. தெரு ஆட்கள் ஓடிவந்து தோள்கொடுக்க, அழுதுகொண்டே திருப்பினாள். எல்லோர் முகத்திலும் மழை வழிந்ததால் யார் அழுகிறார்கள் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் இரைந்துகொண்டு வாய்க்காலில் இறங்கி, பூங்காவின் வேலியையும் சறுக்குமரங்களையும் வாரிக்கொண்டு போயிற்று. கலங்கரை விளக்கம் மட்டும் கொஞ்ச நேரம், முதல்முறையாகத் தன்னைச் சுற்றித் தண்ணீர் இருக்கும் பெருமையோடு நின்றது. பிறகு, அதற்குள் கட்டிவிட்டிருந்த நீலத் தார்ப்பாயோடு சாய்ந்தது. ஏரி இறங்கியது. மத்தியானம் கரையில் கசிவு நின்றது.

மழை தூறலானபோது நகராட்சி ஜீப் வந்தது. தட்சிணாமூர்த்தி குடை பிடிக்க, ஏகாம்பரம் சேற்றில் வழுக்கி வழுக்கி மேடையேறி வந்தார். பூங்கா இருந்த திசையைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாரைக் கேட்டுத் திறந்தீங்க மேடம்?"

"உங்களைக் கேட்டுத்தான் சார்."

தட்சிணாமூர்த்தி ஏதோ விதியைச் சொல்ல வாயெடுத்தார். ஏகாம்பரம் கையமர்த்தினார். சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்த காலி இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கீழே தெருவில் பாத்திரங்களோடும் பிள்ளைகளோடும் ஜனங்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். நூர்ஜகான் மட்டும் கொப்பரையை இறக்காமல் அங்கேயே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எப்படிச் சொன்னேன்?" என்று கேட்டார்.

"முதல்ல மெதுவா சொன்னீங்க. அப்புறம் கத்திச் சொன்னீங்க."

"பயந்தேனா?"

"பயந்தீங்க சார்" என்றாள் தவமணி. மறுபடி அழுகை வந்தது, மறைக்கவில்லை. "பயந்துக்கிட்டேதான் சொன்னீங்க."

ஏகாம்பரம் தலையை ஆட்டினார். குடையை விட்டு வெளியே வந்து, தூறலில் நின்று, தட்சிணாமூர்த்தியின் பக்கம் திரும்பி, "நான் சொல்லித்தான் திறந்தாங்கன்னு எழுதிக்குங்க" என்றார்.